துண்டும் கைமாற்றும்: தோட்டத் தொழிலாளர் வரலாற்றின் ஒளியில் உதைபந்தாட்டக் கழகங்கள்

சபரகமுவ மாகாணத்துத் தோட்டப்புற இளைஞர்களின் மாலைநேரப் பேச்சுக்களைச் செவிமடுப்போர், அவற்றிற் பெரும்பகுதியை உதைபந்தாட்டம் பிடித்துக்கொண்டிருப்பதைக் காண்பர். இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானை, பெல்மதுளை, கஹவத்தை, பலாங்கொடைப் பக்கங்களிலாயினும், கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கங்களிலாயினும் நிலைமை ஒன்றே. பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மான்செஸ்டரினதும் லிவர்பூலினதும் கழகங்கள் தம் சொந்தக் கழகங்கள் போலவே இவர்களாற் பேசப்படுகின்றன. அப்பேச்சினைக் கூர்ந்து நோக்கின் மூன்று வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுவதை அவதானிக்கலாம். விலைகொடுத்து வாங்காது இரவலாகப் பெறும் வீரரைக் கொண்டு ஒரு கழகம் உயர முடியுமா? கழகத்தின் உடைமையாளர் உண்மையிலேயே வெற்றியை நாடுகிறாரா, அன்றி இலாபத்தை நாடுகிறாரா? நாளேடுகள் எழுதுவனவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

இவ்விவாதங்களை வீண்பொழுது எனத் தள்ளும் பெரியோர் நம்மிடையே உளர். படித்த இளைஞர் தம் சமூகத்தின் வரலாற்றை அறியாது அந்நிய நாட்டுக் கழகங்களின் கணக்கை ஒப்புவிக்கின்றனர் என்பது அவர்தம் மனக்குறை. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மேற்கூறிய மூன்று வினாக்களும் நம் தோட்டங்களுக்குப் புதியனவல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆட்கள் கைமாறுவது, ஆட்களின் மேல் ஒருவருக்குள்ள உரிமை, அதனைப் பற்றி ஏடுகள் எழுதும் உண்மையும் பொய்யும் ஆகிய மூன்றும் நூறாண்டுகளுக்கு முன் நம் பாட்டன் பூட்டனின் வாழ்க்கையையே நிர்ணயித்த விடயங்களாகும். உதைபந்தாட்டத்தின் வரலாற்றையும் தோட்டங்களின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒன்று மற்றதனை விளக்குகின்றது.

துண்டு முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் திரட்டப்பட்ட முறை யாவரும் அறிந்ததே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் செய்கை பெருகியபோது கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த மலைச்சாரல்கள் விரைவாகத் தோட்டங்களாயின. களனிப் பள்ளத்தாக்கு வழியாக அமைந்த சிறுபாதைப் புகையிரதம் 1912இல் இரத்தினபுரியை எட்டியது. இறப்பருக்கு விலையிருந்த அக்காலத்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, ஆட்களுக்கே பஞ்சமிருந்தது.

ஆட்களைத் திரட்டியவர் கங்காணி. துரையிடமிருந்து முற்பணம் பெற்று ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். வழிச்செலவும், வந்தபின் வாங்கிய அரிசியும் துணியும் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறின. தொழிலாளி கங்காணிக்குக் கடனாளி. கங்காணி தோட்டத்துக்குக் கடனாளி. ஒரு கங்காணியும் அவர்கீழ் உள்ள ஆட்களும் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பின், அவர்கள்மீதுள்ள கடன் இவ்வளவு, அத்தொகை செலுத்தப்படின் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே 'துண்டு' எனப்பட்டது. புதிய தோட்டத்துத் துரை தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். செலுத்திய தொகை மறைந்துவிடுவதில்லை. அது புதிய தோட்டத்துப் பேரேட்டில் அதே தொழிலாளரின் பெயரிற் கடனாக மீண்டும் எழுதப்படும்.

இம்முறையின் நுட்பத்தை ஈண்டு கவனித்தல் வேண்டும். பிரித்தானியப் பேரரசில் அடிமை வியாபாரமும் அடிமைமுறையும் சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே மனிதனை விற்கவோ வாங்கவோ இயலாது. துண்டு முறையில் விற்கப்பட்டது மனிதன் அல்லன். அவன் மீதுள்ள கடன். கடன் எங்கே செல்கிறதோ அங்கே மனிதனும் சென்றாக வேண்டும் என்பதே நடைமுறை. செல்ல மறுத்து அறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கினால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. கூலி ஒப்பந்தத்தை மீறுதல் குடியியல் வழக்கன்றிக் குற்றவியல் வழக்காகக் கொள்ளப்பட்ட காலம் அது.

இறப்பர் விலை ஏறிய ஆண்டுகளில் தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு முற்பணத்தை உயர்த்தின. துண்டில் எழுதப்பட்ட தொகைகளும் உயர்ந்தன. நல்ல ஆட்களை வைத்திருக்கும் கங்காணியை வேறொரு தோட்டம் ஆசை காட்டி இழுப்பதும், இழந்த தோட்டத்துத் துரை முறையிடுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. உயர்ந்த தொகையில் எத்தனை பங்கு தொழிலாளியின் கையை அடைந்தது என்பதை எவரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் பின்னரே வந்தனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் சேமநலக் கழகத்தைத் தொடக்கினார். பெரி சுந்தரம் அதிற் பங்குகொண்டு உழைத்தார். இந்திய அரசின் வற்புறுத்தலும் சேர்ந்துகொள்ள, 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆட்டக்காரரின் துண்டு

இதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்தவற்றை இனி நோக்குவோம். 1863இல் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. 1885இல் ஆட்டக்காரர் ஊதியம் பெறுதல் சட்டபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1888இற் பன்னிரண்டு கழகங்களைக் கொண்டு லீக் போட்டி தொடங்கியது. ஆட்டக்காரர் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளருமாவர். கூடுதல் ஊதியம் தரும் கழகத்தை நாடி அவர்கள் ஆண்டுதோறும் நகர்ந்தால் பணமுள்ள கழகங்களே வெல்லும் என லீக் நிர்வாகம் அஞ்சியது. எனவே 1893இல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு கழகத்திற் பதிவு செய்யப்பட்ட ஆட்டக்காரர், அக்கழகத்தின் சம்மதமின்றி வேறெந்த லீக் கழகத்துக்கும் ஆட முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் பதிவு கழகத்திடமே இருக்கும். கழகம் விரும்பினால் அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். விரும்பினால் தொகை பெற்றுக்கொண்டு இன்னொரு கழகத்துக்குக் கொடுக்கலாம். 1901இல் ஊதியத்துக்கும் வாரத்துக்கு 4 பவுண் என்ற உச்சவரம்பு இடப்பட்டது.

நம் தோட்டங்களில் ஒரு நாட்சம்பளத்தைப் 'பேர்' என்பர். பிரட்டில் நின்று பெயர் பதியப்பட்டாலன்றி அன்றைய கூலி இல்லை. இங்கிலாந்தின் ஆட்டக்காரருக்கும் பேரே வாழ்வாயிற்று. கழகம் வாங்கியதும் விற்றதும் மனிதனை அல்ல, அவன் பெயரின் பதிவையே என்று சட்டம் அறிந்தோர் விளக்கினர். மனிதனுக்குப் பதிலாகக் கடனை விற்ற துண்டு முறைக்கும் இதற்குமுள்ள ஒப்புமை வெளிப்படை. 1905இல் அல்ப் கொமன் என்னும் ஆட்டக்காரர் சண்டர்லாண்ட் கழகத்திலிருந்து மிடில்ஸ்பரோ கழகத்துக்கு 1000 பவுணுக்குக் கைமாறினார். அத்தொகை அன்று பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. ஆயிரம் பவுணுக்குக் கைமாறிய அவரின் வாரச் சம்பளத்துக்கோ நான்கு பவுணே வரம்பு. விலை உயர்ந்தது, கூலி உயரவில்லை. களனிப் பள்ளத்தாக்கின் துண்டுகளிலும் இதே கணக்கையே காண்கிறோம்.

ஆட்டக்காரர் 1907இல் மான்செஸ்டரிற் கூடித் தொழிற்சங்கம் அமைத்தனர். முன்னின்றவர்களுள் பில்லி மெரடித் குறிப்பிடத்தக்கவர். ஊதிய வரம்பு நீங்குவதற்கு 1961 வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பொழுது அது வாரத்துக்கு 20 பவுணாக இருந்தது. தக்கவைத்தல் விதியை முறித்தவர் ஜோர்ஜ் ஈஸ்தம். நியூகாசில் கழகத்தை விட்டு நீங்க விரும்பிய அவரைக் கழகம் விடுவிக்க மறுத்தது. ஆட்டத்தை விட்டுத் தக்கை விற்கும் தொழிலைச் சில மாதங்கள் செய்தபடி அவர் எதிர்த்து நின்றார். 1960இல் ஆர்சனலுக்கு மாற அனுமதி கிடைத்த பின்னரும் வழக்கைக் கைவிடவில்லை. 1963இல் உயர்நீதிமன்றம் இவ்விதி தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் தடுக்கிறது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்த நீதிபதி றிச்சர்ட் வில்பர்போஸ், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்திற் போராடிய வில்லியம் வில்பர்போஸின் வழித்தோன்றல் என்பது வரலாற்றின் சுவையான பொருத்தங்களுள் ஒன்று. ஒப்பந்தம் முடிந்தபின்னும் மாற்றுத்தொகை கேட்கும் வழக்கம் ஐரோப்பாவில் 1995 டிசம்பரில், பெல்ஜிய ஆட்டக்காரர் பொஸ்மனின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்போடுதான் ஓய்ந்தது. தோட்டத் தொழிலாளிக்கு 1921இற் சட்டம் அளித்ததனை ஐரோப்பிய ஆட்டக்காரர் முழுமையாகப் பெற மேலும் எழுபத்துநான்கு ஆண்டுகள் சென்றன.

இரவல் வீரர்

இனி இரவல் பற்றிய வினாவுக்கு வருவோம். தமிழிற் குறுங்கடனைக் 'கைமாற்று' என்கிறோம். கைமாற்றாகப் பெற்றது திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது. பெற்றவருக்கு அது சொந்தமன்று. ஆட்டக்காரரைக் கைமாற்றாகக் கொடுக்கும் முறையிற் பதிவு தாய்க்கழகத்திடமே இருக்க, ஆட்டம் மட்டும் மற்றைய கழகத்துக்குக் கிடைக்கிறது. இளம் வீரருக்கு ஆடும் வாய்ப்பும், வறிய கழகத்துக்குத் திறமையும் கிடைப்பதால் இதில் நன்மை உண்டு. சிக்கல் எங்கே எழுகிறது என்பதற்கு 2004ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதும். நியூகாசிலின் ஆட்டக்காரர் லுவலுவா போட்ஸ்மத் கழகத்துக்கு இரவலாக ஆடியபோது, தம் தாய்க்கழகமான நியூகாசிலுக்கு எதிராகவே ஆட்டத்தைச் சமப்படுத்தும் கோலை அடித்தார். அவர் ஆட்டத்துக்கு நேர்மையாக நடந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கழகத்தின் உடைமையாயிருந்து இன்னொரு கழகத்தின் சட்டையை அணிபவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்னும் வினா எழுந்தது. இன்று இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கில் இரவல் வீரர் தம் தாய்க்கழகத்துக்கு எதிராக ஆட விதிகள் இடந்தருவதில்லை.

இதனினும் பெரிய சிக்கல் எண்ணிக்கை பற்றியது. செல்வமிகு கழகங்கள் தமக்குத் தேவையான அளவுக்கு மேலாக இளம் வீரரைப் பதிந்துவைத்து அவர்களை ஊர் ஊராக இரவலுக்கு விடத் தொடங்கின. செல்சி கழகம் ஒரே பருவத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோரை இவ்வாறு அனுப்பியதுண்டு. அவர்களுட் பலர் அக்கழகத்தின் முதலணிச் சட்டையை அணியாமலே வேறிடத்துக்கு விற்கப்பட்டனர். இந்நிலை கண்டு உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2022 ஜூலையிற் புதிய விதிகளை வகுத்தது. ஒரு கழகம் பன்னாட்டளவில் இரவலாகக் கொடுப்போரும் பெறுவோரும் தலா எண்மர் என வரம்பிடப்பட்டு, 2024 ஜூலை முதல் அது அறுவராகக் குறைக்கப்பட்டது. இரவற் காலமும் ஓராண்டுக்கு மேற்படலாகாது என்றாயிற்று. ஆட்களைக் கூட்டங்கூட்டமாகச் சேர்த்துவைத்து, பிற தோட்டங்கள் கேட்கும்போது தொகை பேசிய பெரிய கங்காணியை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க முடியவில்லை. தலைக்காசு பெற்ற கங்காணிக்கும், வீரரைச் சரக்குபோல் இருப்பில் வைக்கும் கழகத்துக்கும் கணக்கு ஒரே இடத்திற் சந்திக்கிறது: ஆட்களின் உழைப்பைவிட ஆட்களின் எண்ணிக்கையே ஆதாயமாகிறது.

உடைமையாளரின் ஆசை

மூன்று வினாக்களுள்ளும் நம் இளைஞரை அதிகம் கொதிப்படையச் செய்வது உடைமையாளரின் ஆசை பற்றியதே. கழகங்கள் தொடக்கத்தில் தேவாலயங்களிலும் தொழிற்சாலைகளிலும் மதுச்சாலைகளிலும் கூடிய நண்பர்களால் அமைக்கப்பட்டவை. பின்னர் அவை வரையறுத்த கம்பனிகளாயின. எனினும் பங்குலாபத்துக்கு வரம்பிட்டு, இயக்குநர் ஊதியம் பெறலாகாதெனவும் உதைபந்தாட்டச் சங்கம் நீண்டகாலம் விதித்திருந்தது. கழகம் செல்வந்தரின் கையிலிருந்தாலும் அவர் அதனைக் கறவைப் பசுவாக்கக் கூடாது என்பதே அதன் கருத்து. 1983இல் லண்டனின் டொட்டன்ஹாம் கழகம் தாய்க்கம்பனி ஒன்றை அமைத்துப் பங்குச்சந்தையில் இறங்கியபோது அவ்வேலி தாண்டப்பட்டது. 1992இற் பிரிமியர் லீக் பிறந்தது. 2003இற் செல்சியை ரஷ்யச் செல்வந்தர் ஒருவரும், 2008இல் மான்செஸ்டர் சிற்றியை அபுதாபி அரசகுடும்பத்தவர் ஒருவரின் நிறுவனமும் வாங்கின.

இவற்றுள் நம் வரலாற்றோடு மிக நெருங்கிய நிகழ்ச்சி 2005இல் மான்செஸ்டர் யுனைற்றட் கழகத்தைக் கிளேசர் குடும்பம் வாங்கியமை ஆகும். 790 மில்லியன் பவுண் மதிப்பிடப்பட்ட அக்கொள்வனவுக்குரிய பணத்தின் பெரும்பகுதி கடனாகப் பெறப்பட்டது. அக்கடனின் சுமை கழகத்தின்மீதே ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் கழகம் கடனற்றிருந்தது. வாங்கியவர் பட்ட கடனை வாங்கப்பட்டது சுமந்தது. முற்பணம் பெற்றவர் கங்காணியாயிருக்க, அது தொழிலாளியின் பேரேட்டில் ஏறிய கதையின் மறுபதிப்பே இது. வெகுண்ட ரசிகர் சிலர் அவ்வாண்டிலேயே பிரிந்து உறுப்பினருக்குச் சொந்தமான புதிய கழகம் ஒன்றை அமைத்தனர். ஜெர்மனியில் இதனைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கு 1998 முதல் கழகங்கள் கம்பனிகளாகலாம். ஆயின், சில விலக்குகள் தவிர, வாக்குரிமையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு உறுப்பினர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள கல்கத்தாவின் வரலாறும் இங்கு எடுத்துக்காட்டத்தக்கது. 1889இல் அமைந்த மோகன் பகான், 1911இல் ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை வென்று கேடயம் பெற்றபோது அது ஒரு விளையாட்டு வெற்றியாக மட்டும் கொள்ளப்படவில்லை. பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடியவர்கள் ஆளுவோரை வென்ற நிகழ்ச்சியாகவே மக்கள் அதனைப் போற்றினர். 1920இல் கிழக்கு வங்கத்தாரின் பெருமைக்காக ஈஸ்ட் பெங்கால் தோன்றியது. செக்கந்தராபாத்திற் பிறந்த துளசிதாஸ் பலராம் போன்ற தென்னகத்து ஆட்டக்காரருக்கும் கல்கத்தாவே புகழ் தந்தது. உறுப்பினரின் சந்தாவில் வளர்ந்த இவ்விரு கழகங்களிலும் 1998இல் ஒரே மதுபானக் கம்பனி பங்கு பெற்றது. பரம பகையாளிகள் இருவரின் சட்டையிலும் ஒரே முதலாளியின் கைபட்டது. 2020இல் மோகன் பகான் ஒரு வர்த்தக நிறுவனத்தின் அணியோடு இணைக்கப்பட்டு அவ்வணியின் பெயரையும் முன்னொட்டாக ஏற்றது. ரசிகர் மூன்றாண்டுகள் ஓயாது எதிர்த்தனர். 2023இல் வெற்றிக் கிண்ணம் பெற்ற இரவிலேயே முன்னொட்டு நீக்கப்படும் என உடைமையாளர் அறிவித்தார். பணம் கொடுத்தவர் பெயரை மாற்றலாம். பெயரை நெஞ்சிற் சுமப்பவர் அதனை மீட்கவும் கூடும் என்பதனை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

சபரகமுவத் தோட்டங்களும் உடைமையாளர் பலரைக் கண்டவை. லண்டனிற் பதிவுபெற்ற ஸ்ரேலிங் கம்பனிகளின் காலத்தில் துரைமாருக்கென்று கழகங்கள் இருந்தன. அவற்றின் வாசலைத் தொழிலாளி பணிக்காகவே மிதித்தான். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் அவற்றின் முகாமை ஒப்படைக்கப்பட்டது. கேகாலை, பலாங்கொடை, கஹவத்தை, களனிவெலி என்னும் நம் ஊர்ப் பெயர்களையே அக்கம்பனிகள் சில தாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் புதிய உடைமையாளரின் நோக்கம் என்ன என்று லயங்களிற் கேட்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் உரிமைப் பத்திரம் மாறியது, லயம் மாறவில்லை. இன்றும் தோட்டத்து இளைஞர் பந்து விளையாடும் மைதானம் அவர்களுடையதன்று. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியே அதன் வேலியும் வாயிலும் ஆகும். ஆகவே மான்செஸ்டரின் உடைமையாளரை வெறுத்தும் புகழ்ந்தும் பேசும் இளைஞன், தான் நிற்கும் நிலத்தின் உடைமை பற்றியும் அதே வினாவைத் தொடுக்க வேண்டியவனாகிறான்.

ஏட்டின் நேர்மை

மூன்றாவது வினா ஏடுகளின் உண்மை பற்றியது. மாற்றுக்காலத்தில் நாளேடுகள் வெளியிடும் வதந்திகளுக்குக் கணக்கில்லை. இன்னார் இன்ன கழகத்துக்குச் செல்வது உறுதி எனக் காலையில் எழுதி, மாலையில் மறுப்பதும் உண்டு. வதந்தி, ஆட்டக்காரரின் முகவருக்கும் கழகத்துக்கும் ஏட்டுக்கும் ஏதோவொரு வகையிற் பயன்படுகிறது. அது தீங்கற்ற வேடிக்கை என்று கருதுவோர், செய்தியின் மூலத்தை ஆராயாத பழக்கம் எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு 1989ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுதல் நன்று. அவ்வாண்டு ஏப்ரல் 15இல் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகருள் இறந்தோர் தொகை இறுதியில் 97 ஆயிற்று. நான்கு நாட்களின் பின் 'சன்' நாளேடு, பொலிசாரிடமிருந்து வந்த கூற்றுக்களை நம்பி, இறந்தோரின் உடைமைகளை ரசிகர் திருடினர் என்றும் மீட்புப்பணியிலிருந்தோரை இழிவுபடுத்தினர் என்றும் முதற்பக்கத்தில் எழுதியது. அதற்கு அவ்வேடு இட்ட தலைப்பு 'உண்மை' என்பதாகும். லிவர்பூல் மக்கள் அவ்வேட்டை வாங்க மறுத்தனர். 2012இற் சுயாதீனக் குழுவின் அறிக்கை அச்செய்தி பொய்யென நிறுவிய பின் ஏடு மன்னிப்புக் கேட்டது. 2016இல் நடந்த மரண விசாரணை, இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் எனவும் ரசிகர்மீது குற்றமில்லை எனவும் முடிவுசெய்தது. இருபத்தேழு ஆண்டுகள் அக்குடும்பங்கள் துயரோடு அவதூறையும் சுமந்தன.

தோட்டத் தொழிலாளரும் இத்தகைய அவதூற்றின் சுமையை அறிந்தவர்களே. ஆங்கில ஏடுகள் பெரிதும் தோட்டத்துரைமாரின் கண்கொண்டே தோட்டங்களை நோக்கின. அவற்றில் தொழிலாளி ஓர் எண்ணாகவோ, ஓடிப்போனவனாகவோ, கடனாளியாகவோ தோன்றினான். தன் வாயாற் பேசுபவனாகத் தோன்றவில்லை. இக்குறையைப் போக்கவே கோ. நடேசையரின் ஏடுகள் எழுந்தன. தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவது தடைப்பட்டிருந்த காலத்தில், புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குட் சென்று நிலைமையை நேரிற் கண்டவர் அவர் என்பர். 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளின் வழியாகத் தொழிலாளரின் குறைகளை அச்சிலேற்றினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் எழுத்திலும் மேடையிலும் தோள்கொடுத்தார். 1931இல் நடேசையர் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தமைக்கு ஏடே முன்னோடியாயிற்று. 1930இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடக்கிய 'வீரகேசரி'யும் இந்தியவம்சாவளியினரின் செய்திகளுக்கு நாளாந்த இடமளித்தது. நேரிற் சென்று பார்ப்பது, பாதிக்கப்பட்டவரை வினவுவது, மூலத்தை ஐயுறுவது ஆகியனவே ஏட்டின் நேர்மைக்கு அடிப்படை. விளையாட்டுப் பக்கத்துக்கும் அரசியற் பக்கத்துக்கும் இதில் வேறுபாடில்லை.

ஒப்புமையின் எல்லை

இவ்வொப்புமையை அளவுகடந்து நீட்டுவது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆட்டக்காரருக்குக் கழகத்தை விட்டுச் சுரங்கத்துக்கோ ஆலைக்கோ மீண்டு செல்லும் வழி இருந்தது. தோட்டத்தை விட்ட தொழிலாளிக்குச் சிறையே காத்திருந்தது. இன்றைய ஆட்டக்காரர் பலர் பெருஞ்செல்வர். அவர்தம் முகவர் அவருக்காகப் பேரம் பேசுகிறார்; சம்மதமின்றி அவரை எவரும் அனுப்ப இயலாது. சம்மதம் என்னும் இந்த ஒரு சொல்லே இவ்வரலாற்றின் அச்சாணி.

அச்சொல்லின் பெறுமதியை அறிய நம் சமூகம் 1921ஐக் கடந்து 1964க்கு வருதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசப்படும். 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்கள் முதலில் முடிவாயின; அவ்வெண்களுக்குள் யார் அடங்குவர் என்பது பின்னரே தேடப்பட்டது. சபரகமுவத் தோட்டங்களிலும் ஒரே லயத்தில் வாழ்ந்த உடன்பிறந்தோர் சிலர் இரு நாட்டினராயினர். அம்மக்களிடம் சம்மதம் கேட்கப்படாமலே செய்துகொள்ளப்பட்ட அவ்வொப்பந்தத்தின் எச்சங்கள் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை நீண்டன. 1963இல் ஓர் ஆட்டக்காரரின் சம்மதத்துக்கு இங்கிலாந்து நீதிமன்றம் அளித்த மதிப்பை, அடுத்த ஆண்டிலேயே இரு அரசுகள் பத்து இலட்சத்துக்கு அண்மித்த மக்களுக்கு அளிக்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, உதைபந்தாட்ட ரசிகரின் விவாதம் இழிவான பொழுதுபோக்கன்று என்பது தெளிவாகும். ஆட்களைப் பெறும் முறை, உடைமை, செய்தியின் உண்மை ஆகியன பற்றிக் கேள்வி கேட்கும் பயிற்சி அதில் இருக்கின்றது. அப்பயிற்சி ஆங்கிலக் கழகங்களோடு நின்றுவிடலாகாது. இலங்கையின் உதைபந்தாட்ட நிர்வாகமே 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனத்தால் இடைநிறுத்தப்பட்டு, ஓகஸ்ட் மாதத்திலேயே மீள ஏற்கப்பட்டது. அவ்வேழு மாதங்கள் நாட்டின் அணிகள் பன்னாட்டுக் களத்தில் இறங்கவில்லை. மான்செஸ்டர் பற்றி மணிக்கணக்காகப் பேசியோருட் பலருக்கு இதன் காரணங்கள் தெரிந்திருக்கவில்லை.

ஆதலின் இளைஞருக்கு மூன்று பணிகள் உள. தத்தம் தோட்டத்து விளையாட்டுக் கழகங்களுக்கு யாப்பும் உறுப்பினர் பதிவேடும் பகிரங்கக் கணக்கும் ஏற்படுத்துதல் வேண்டும். மைதானத்தின் பயன்பாட்டுரிமையைத் துரையின் வாய்மொழி அனுமதியாக விடாது எழுத்திற் பெறுதல் வேண்டும். துண்டுக் காலத்தின் நினைவுகளையும் ஒப்பந்தக் காலத்தின் பிரிவுகளையும் பற்றி லயங்களிலுள்ள முதியோர் சொல்வனவற்றை, அவர்கள் இருக்கும்போதே நேர்மையாகப் பதிவுசெய்தல் வேண்டும். இம்மூன்றாவது பணி கலைப்பீட மாணவராகிய நமக்கே முதன்மையாக உரியது. வேறெவரும் வந்து செய்வர் எனக் காத்திருத்தல் பயன் தராது.